வான்கோழி சீசன் முடிந்தது: அடுத்த வசந்தத்துக்குள் எதைச் சரிசெய்வது?

ஓக்நிழல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. பென்சில்வேனியா, நியூயார்க் பக்கம் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டை சீசன் மே மாதத்தோடு முடிந்தது. அடுத்த வருஷத்துக்குள் தெளிவுபடுத்திக்கொள்ள மூன்று விஷயங்கள்:

1. விடியலில் மரத்தில் உட்கார்ந்து ஓயாமல் கூவும் சேவல், தரையிறங்கியதும் வாயை மூடிக்கொண்டு எதிர்த்திசையில் போய்விடுகிறது. ஏன்?

2. நான் கொடுக்கும் பெட்டைக் குரலுக்குப் பதில் கூவிக்கொண்டே வரும் சேவல் 60, 70 யார்டில் நின்று தோகையை விரித்து ஆடிவிட்டுத் திரும்பிவிடுகிறது.

3. 12 கேஜ் துப்பாக்கி, டங்ஸ்டன் 9ஆம் நம்பர் ரவை, இறுக்கமான சோக் (ரவை சிதறாமல் குவிக்கும் குழல் நுனிக் குறுக்கம்). 40 யார்டில் அட்டையில் நன்றாக விழுகிறது. ஆனால் 15 யார்டில் நிற்கிற பறவை தப்புகிறது!

"புது கால் (பறவைக் குரல் எழுப்பும் கருவி) வாங்கு" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். பை ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது.

---

கிழக்குச்சரிவு

முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். இயற்கையில் சேவல் பெட்டையைத் தேடிப் போவதில்லை. சேவல் கூவும், பெட்டை அதனிடம் வரும். நாம் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறோம். மரத்தில் இருக்கும்போதே யெல்ப், யெல்ப் என்று பெட்டையின் அழைப்புக் குரலை விடாமல் கொடுத்தால், "வந்துகொண்டிருக்கிறாள், கீழே இறங்குவானேன்" என்று கிளையிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் பக்கத்து மரத்துப் பெட்டைகள் இறங்கி அதை ஓட்டிக்கொண்டு போய்விடும். பெட்டை கூட இருக்கும் சேவலுக்குக் கூவ வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் அந்த மௌனம்.

விடியலில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முந்தின மாலை இருட்டும் நேரத்தில் ஆந்தைக் குரல் கொடுத்து எந்த மரத்தில் அடைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆந்தைக் குரலுக்கு அனிச்சையாகக் கூவிவிடும், பெட்டை எங்கே என்று தேடி வராது. காலையில் வெளுக்கும் முன்பே 100 முதல் 150 யார்டு தள்ளி, மரத்துக்குச் சமமான உயரத்திலோ சற்று மேட்டிலோ உட்காருங்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் பெரும்பாலும் மேட்டுப் பக்கமாகத்தான் இறங்கும். மெல்லிய யெல்ப் இரண்டு மூன்று கொடுங்கள், அது பதில் கூவினால் போதும், நிறுத்துங்கள். இறங்கும் நேரத்தில் தொப்பியைத் தொடையில் படபடவென்று அடித்துச் சிறகொலி கொடுக்கலாம்.

அப்படியும் பெட்டைகளோடு போய்விட்டால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பெட்டை நாளுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். முட்டையிட அது கூட்டுக்கு நழுவியதும் சேவல் தனியாகிவிடும். 9 மணிக்கு மேல், காலையில் கூவிய அதே இடத்துக்குப் போய் உட்காருங்கள். நியூயார்க்கில் நண்பகலோடு துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும், பென்சில்வேனியாவிலும் சீசனின் முதல் பாதிக்கு அதே விதி. ஆகவே 9 முதல் 12 வரையிலான அந்த மூன்று மணி நேரம்தான் பொன். சீசன் கடைசியில் பெட்டைகள் 28 நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடும், சேவல் நாள் முழுக்க ஒண்டியாகத் திரியும். கூட்டம் குறைந்த அந்த வாரங்களைப் பலர் வீணாக்குகிறார்கள்.

60 யார்டில் நிற்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று தடை: ஓடை, முள்கம்பி வேலி, அடர்ந்த புதர். பறந்து தாண்ட முடியும், ஆனால் தாண்டாது. முந்தின நாளே வரைபடத்தில் பார்த்து, அது இருக்கும் பக்கத்துக்கே போய்விடுங்கள். இன்னொன்று பார்வை: சத்தம் வந்த இடத்தைத் தூரத்திலிருந்தே பார்க்க முடிகிறது, பெட்டையைக் காணோம், நின்றுவிடுகிறது. பாதை வளையும் இடத்திலோ சின்ன மேட்டின் பின்னாலோ உட்கார்ந்தால், எட்டிப் பார்க்கும்போதே அது 30 யார்டுக்குள் வந்திருக்கும். அதற்குமேல் நின்றாலும் சத்தத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். கையால் சருகைக் கிளறுங்கள்: சர்... சர்சர்... நிறுத்தி, மறுபடியும். இரை தேடும் பெட்டையின் தாளம் அதுதான். ஒரே சீராகக் கிளறினால் மனிதன் நடப்பது போலக் கேட்கும்.

இரண்டு பேர் போனால் குரல் கொடுப்பவர் சுடுபவருக்கு 30, 40 யார்டு பின்னால் உட்காரட்டும். சேவல் குரலிலிருந்து 60 யார்டில் நின்றாலும், சுடுபவருக்கு 20, 30 யார்டில்தான் நிற்கும்.

---

ரவைக்கணக்கு

மூன்றாவது கேள்விக்கு. டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 18 கிராம், ஈயம் 11 சொச்சம். அதனால்தான் 9ஆம் நம்பர் மாதிரி பொடி ரவையும் தூரத்தில் ஊடுருவுகிறது, ஒரே தோட்டாவில் எண்ணிக்கையும் அதிகம். 40 யார்டில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவையாவது விழ வேண்டும் என்பது பழைய அளவுகோல். உங்களுடையது அதைத் தாண்டியிருக்கும். பிரச்சினையும் அங்கேதான். அந்த இறுக்கமான சோக்கில் 10, 15 யார்டில் ரவை கைப்பிடி அளவு உருண்டையாகத்தான் போகும். ஒற்றைக் குண்டு சுடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கழுத்தோ அசைந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் கன்னம். பறவையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்று தலையைத் தூக்கினால், கன்னம் கட்டையிலிருந்து கிளம்பிவிடும். கண் உயர்ந்தால் குறியும் உயரும், ரவை தலைக்கு மேலே போகும். குறிபார்க்கக் குழல் நுனியில் சின்ன மணி மட்டுமே உள்ள துப்பாக்கியில் இது சர்வசாதாரணம். ரெட்டாட் (சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் கருவி) போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

வரிசை இது. முதலில் மலிவான இலகுத் தோட்டாவை வைத்து, 20 யார்டில் அட்டையின் நடுவுக்குக் குறியைக் கொண்டு வாருங்கள். பிறகுதான் டங்ஸ்டன்: 40 யார்டில் இரண்டு, 15இல் ஒன்று, போதும். விலையும் தோளில் விழும் அடியும் அப்படி. கனத் தோட்டா மையத்தைக் கொஞ்சம் நகர்த்தும், அதற்கேற்பத் திருத்துங்கள். மேசையில் வைத்தல்ல, மரத்தில் சாய்ந்து முழங்கால் மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: தோகை விரித்திருக்கும்போது கழுத்து உள்ளே இழுத்துக் கிடக்கும். சுடாதீர்கள். கிளக் என்று ஒரு ஒற்றைக் குரல் கொடுத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். தாடைச் சதை முடிந்து கழுத்து இறகு தொடங்கும் இடத்தில் குறி வையுங்கள்.

---

ஓக்நிழல்

அருமை. 60 யார்டில் நிற்பதற்கு டீகாய் (சேவலை ஏமாற்றும் வான்கோழிப் பொம்மை) வைத்தால் தீராதா? எத்தனை யார்டில் வைப்பது?

---

புல்வெளிக்காரன்

திறந்த வயலென்றால் வையுங்கள். 15 முதல் 20 யார்டில் ஒரு பெட்டை, ஒரு இளஞ்சேவல். இளஞ்சேவலின் முகம் உங்களைப் பார்த்து இருக்கட்டும், ஏனென்றால் பெரிய சேவல் அதை நேருக்கு நேர் எதிர்கொள்ளத்தான் சுற்றி வரும். அப்போது அதன் முதுகும் விசிறி வாலும் உங்கள் பக்கம் இருக்கும், துப்பாக்கியைத் தூக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பெட்டைப் பொம்மை மட்டும் என்றால் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்க வையுங்கள்.

அடர்ந்த காட்டில் பொம்மையால் பயன் குறைவு. தூரத்திலேயே பொம்மையைப் பார்த்துவிட்டால், அங்கேயே நின்று "நீ வா" என்று ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் தீர்க்க நினைத்த பிரச்சினையே திரும்ப வரும். இதில் கிழக்குச்சரிவு சொன்ன வளைவுதான் எனக்கும் சரியென்று படுகிறது.

உட்காரும் விதம் பற்றி யாரும் சொல்லவில்லை. வலக்கைக்காரர் இடத் தோளைப் பறவை வரும் திசைக்குக் காட்டி, இடது முழங்காலில் துப்பாக்கியை ஊன்றி உட்கார வேண்டும். நேராக உட்கார்ந்தால் வலப்பக்கம் திரும்ப வழியே இருக்காது. தலையைத் திருப்பாமலே சுமார் 270 பாகை பார்க்கும் பறவை அது. அதன் தலை மரத்துக்குப் பின்னால் போகும்போது மட்டும் அசையுங்கள். முகமூடியும் கையுறையும் கட்டாயம், வெறுங்கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் ஸ்லேட் கால், அதாவது பலகையில் குச்சியை இழுத்துக் குரல் எழுப்பும் கருவி. பலகையைக் கை எண்ணெய் படாமல் விளிம்பில் பிடியுங்கள். சொரசொரப்பு போய்விட்டால் தேய்தாளால் ஒரே திசையில் தேய்த்து, குச்சியை அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக இழுங்கள். குச்சி பலகையை விட்டு எழும்பக் கூடாது. மழையில் ஸ்லேட்டும் பாக்ஸும் (மரப்பெட்டிக் கால்) ஊமையாகிவிடும், வாய்க்குள் வைத்து ஊதும் டயஃப்ரம் ஒன்று பையில் இருக்கட்டும்.

---

ஆரஞ்சுத்துணி

பொம்மை பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துப் படியுங்கள். பொது நிலத்தில் பொம்மைக்கும் குரலுக்கும் ஏமாறுவது சேவல் மட்டுமல்ல, இன்னொரு வேட்டைக்காரரும்தான். உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்த்து உட்காருங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் வேண்டாம். சேவல் தலையின் நிறங்கள் அவை. சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை பனியனும் கணக்கில் சேரும். யாராவது வருவது தெரிந்தால் கையாட்டாதீர்கள், பறவைக் குரலும் கொடுக்காதீர்கள். மனிதக் குரலில் உரக்கக் கத்துங்கள். அந்த வேட்டை கெட்டால் கெடட்டும்.

கழற்றிய விசிறி வாலை முன்னால் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஊர்ந்து போகும் வீடியோக்களைப் பார்த்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம். பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் குரல் கொடுத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும், பதுங்கிப் போவதே சட்டவிரோதம்.

சுட்ட பிறகு சேஃப்டியைப் போட்டுவிட்டு விரைந்து போய்த் தலையை மிதித்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்துத் தூக்கினால் துடிப்பில் அதன் கால் முள் கையைக் கிழித்துவிடும். நகர்த்தும் முன் டேக் (வேட்டை அனுமதியின் அடையாளச் சீட்டு) போடுங்கள். காட்டைவிட்டு வெளியே வரும்போது ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

---

கிழக்குச்சரிவு

இறைச்சி பற்றி ஒரு வரி. மே வெயிலில் தாமதிக்காதீர்கள், குடலை எடுத்ததும் கழுத்தடி இரைப்பையையும் எடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் தானியமும் இலையும் சீக்கிரம் புளிக்கும். மார்பை 74 பாகை செல்சியஸ் தொட்டதும் அடுப்பிலிருந்து இறக்குங்கள், கொழுப்பில்லாத சதை, தாண்டினால் நார்தான். காலைப் பலர் தூக்கி எறிகிறார்கள், தசைநார் நிறைந்த பகுதிதான், ஆனால் மூடிய பாத்திரத்தில் மூன்று நான்கு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிட்டால் எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றுவிடும்.