முனை வெட்டிய தேக்கு உத்திரம்: கம்ப்யூட்டர் காட்டுற மூலை அழுத்தத்தை நம்பலாமா?

மச்சுவீடு:
நெல்லை டவுன்ல ஒரு பழைய மச்சு வீடு. தேக்கு உத்திரம் 150 × 250 மி.மீ. சுவர்ல உக்காருற முனையில அடிப்பக்கம் 80 மி.மீ. வெட்டி எடுத்திருக்கு, பாரத்தைத் தாங்குறது மேல மிச்சம் இருக்கிற 170 மட்டும்தான். தாங்குற கோட்டுல இருந்து வெட்டு மூலை வரைக்கும் 75 மி.மீ. முனையில வர்ற பாரம் 12 கிலோநியூட்டன். மரத்துக்கு மூணு திசையிலயும் உள்ள ஒன்பது மீள்தன்மை மாறிலியும் கொடுத்துக் கம்ப்யூட்டர்ல மாடல் போட்டாச்சு, உடையுமான்னு பாக்க ட்சாய்-வூ விதி. மூலையில நாருக்குக் குறுக்கான இழுவை: 10 மி.மீ. கண்ணியில (மாடலைப் பிரிக்கிற துண்டோட அளவு) 3.0 மெகாபாஸ்கல், 5 மி.மீ.ல 4.1, 2.5 மி.மீ.ல 5.6. இதுல எது சரி? உத்திரம் கீறுமா கீறாதா?

உளிமுனை:
மூணும் சரியில்ல தம்பி. கூரான உள்மூலையில மீள்தன்மைக் கணக்குக்கு விடை முடிவிலி. கண்ணியைப் பாதியாக்குற ஒவ்வொரு தடவையும் 1.37 மடங்கு ஏறுதுல்லா? இன்னும் அஞ்சு தடவை பாதியாக்குங்க, 25-ஐத் தாண்டிரும். மரமும் மாறல, பாரமும் மாறல, உங்க கண்ணிதான் மாறுது. அந்த எண்ணை எந்த விதியில போட்டாலும் குப்பைதான்.

மரக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 883-ல இதுக்கு ஒரே வரி இருக்கு: 1.5 × V × D ÷ (b × D1²). V முனைப் பாரம், b அகலம், D முழு ஆழம், D1 வெட்டுக்கு மேல மிச்ச ஆழம். உங்க அளவுக்கு 1.04 மெகாபாஸ்கல் சறுக்கு அழுத்தம். தேக்குக்கு அனுமதிச்ச அளவோட ஒப்பிட்டா வேலை முடிஞ்சுது. கம்ப்யூட்டர் எதுக்கு?

கண்ணிவலை:
அண்ணாச்சி, முதல் பாதியை அப்படியே ஒத்துக்கிடுதேன். ரெண்டாவது பாதியிலதான் வழக்கு.

அந்த வாய்ப்பாடு வெட்டோட ஆழத்தை மட்டும்தான் பாக்குது. மிச்ச ஆழத்தோட வலிமையை அது 170/250 பங்காக் குறைக்குது, அதாவது 0.68. மூலை 75 மி.மீ. தள்ளி இருந்தாலும் 200 தள்ளி இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். ஐரோப்பிய மரத் தரமான யூரோகோடு 5-ல உள்ள வெட்டுக் குணகத்தை (வெட்டுக்காக வலிமையைக் குறைக்கிற பங்கு) இதே உத்திரத்துக்குப் போட்டுப் பாருங்க, 0.45 வரும். அதுக்கு அடிப்படை 1988-ல குஸ்டாஃப்சன் போட்ட முறிவியல் கணக்கு. விரிசல் நீளுறதுக்கு எவ்வளவு ஆற்றல் வேணும்னு கேக்குற கணக்கு அது. இன்னொண்ணு: எல்லா அளவையும் பாதியாக்குங்க, 125 மி.மீ. ஆழம், அதே வடிவம். குணகம் 0.63-க்கு ஏறிரும். சின்னத் துண்டை உடைச்சுப் பாத்துட்டுப் பெரிய உத்திரத்துக்கு நம்பிக்கை சொல்லுறது இதனாலதான் ஆபத்து. ஐ.எஸ். வரிக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

உளிமுனை:
0.68-ஐயும் 0.45-ஐயும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது நியாயமில்ல. இங்க அனுமதி அழுத்தத்துக்குள்ளேயே பாதுகாப்பு மடங்கு இருக்கு, அங்க அது தனியா வருது. அந்த யூரோகோடு குணகத்துக்குள்ள மரத்துக்குன்னு போடுற 5-ங்கிற எண்ணையும் தேக்கை உடைச்சுப் பாத்து எடுக்கல.

கண்ணிவலை:
பாதுகாப்பு மடங்கு எல்லா உத்திரத்துக்கும் ஒண்ணுதான். வெட்டோட இடமும் அளவும் மாறுனா அது மாறாதே. அதனாலதான் மாடல் வேணும்ங்கேன், ஆனா வேற மாதிரி மாடல்.

மூலையில இருந்து நார் போற திசையில, உள்பக்கமா ஒரு 500 மி.மீ.க்கு, தடிமனே இல்லாத ஒட்டு உறுப்புகளை (பசை மாதிரி பிடிச்சுட்டு இருந்து, அளவு தாண்டுனா பிரியுற துண்டுகள்) வையுங்க. குறுக்கு இழுவை வலிமை 3 மெகாபாஸ்கல், பிளவு ஆற்றல் மி.மீ.க்கு 0.3 நியூட்டன், சறுக்கு வகைக்கு அதைப் போல மூணு மடங்கு. நாருக்குக் குறுக்கான மீள்மை 700 மெகாபாஸ்கல்னா விரிசல் முனை மண்டலத்தோட நீளம் 700 × 0.3 ÷ 9, ஏறக்குறைய 23 மி.மீ. அதுக்குள்ள நாலஞ்சு உறுப்பு விழணும், அப்ப கண்ணி 5 மி.மீ. அதுக்கு மேல நுணுக்கினாலும் உச்ச பாரம் பெருசா அசையாது. அசைஞ்சா எங்கயோ தப்பு.

பாரத்தை ஏத்தாதீங்க, இடப்பெயர்ச்சியைக் கொடுங்க. இல்லன்னா உச்சத்தைத் தொட்டதும் கணக்கு நின்னுரும். நிக்காம இருக்கச் செயற்கைப் பிசுப்பைக் கூட்டுறவங்க உண்டு. அப்படிச் செஞ்சா பாரம் பொய்யா உசந்து காட்டும்.

உளிமுனை:
0.3-ஐ யாரு அளந்தா?

கண்ணிவலை:
இந்த உத்திரத்துல யாரும் அளக்கல. 0.2-லயும் 0.5-லயும் ஓட்டிப் பாருங்க. முறி பாரம் ஆற்றலோட வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும், ரெண்டுக்கும் இடையில ஏறக்குறைய 1.6 மடங்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனா கண்ணியைப் பொறுத்து முடிவிலி வரைக்கும் ஓடுற எண்ணைவிட இது தேவல. கீழ் எண்ணை எடுத்துக்கிட்டு, நாள்பட்ட பாரத்துக்காக இன்னும் குறைக்கணும். பாரம் நிக்குற காலத்தைப் பொறுத்து வலிமை எவ்வளவு குறையும்னு சொல்லுற மேடிசன் வளைவுப்படி பத்து வருசப் பாரத்துக்குச் சோதனை வலிமையில 0.62 பங்குதான்.

பனங்கை:
குறுக்க வாரேன். இந்த ஒன்பது மாறிலியை அப்படியே பனங்கைக்குப் போட்டுராதிய. பனையில வளையமும் கிடையாது, ஆரக்கதிரும் கிடையாது. வெளியே வைரம், உள்ளே சோறு. மீள்மையை விளிம்புல இருந்து நடுவுக்குப் படிப்படியா குறைச்சுக் கொடுக்கணும். சராசரி போட்டா வளைவு விறைப்பு குறைவாத்தான் வரும்.

மச்சுவீடு:
இன்னொரு சந்தேகம். இந்த மாடலுக்கு முன்னால ஒருக்கா 0.37-ஐப் பாய்சான் விகிதமா (ஒரு திசையில இழுத்தா குறுக்க எவ்வளவு சுருங்கும்ங்கிற விகிதம்) கொடுத்தப்ப "அணி நேர்மமில்லை"ன்னு மென்பொருள் நின்னுது. 0.04-ஆ மாத்துனதும் ஓடுச்சு. ஏன்?

கண்ணிவலை:
முதல் அச்சை ஆரத்திசைக்கும் ரெண்டாவதை நார் திசைக்கும் வச்சிருப்பிய. ரெண்டு திசைக்கும் மீள்மை விகிதம் பத்துல ஒண்ணுன்னா அந்த இடத்துல அதோட வர்க்கமூலமான 0.316-ஐத் தாண்டக் கூடாது. 0.37 நார் திசையில இழுக்குறப்ப வர்ற எண். திருப்பிப் போட்டா அதைப் பத்தால வகுக்கணும், அதான் 0.04. அச்சையும் படம் போட்டுப் பாருங்க, நாரு செங்குத்தா நின்னுட்டிருக்கப் போகுது.

உளிமுனை:
சரி, ஆற்றல் கணக்கு இந்த வெட்டுக்குத் தேவைன்னே வச்சுக்கிடுவோம். வேலைக்கு வாங்க. வெட்டாத 250 ஆழத்துக்கு அடியில, சுவரை ஒட்டி ஒரு போதிகைக் கல்லை வச்சுத் தாங்கிட்டா வெட்டுக்கே பாரம் போகாது. எந்த மாடலும் வேண்டாம்.

கண்ணிவலை:
நல்ல வைத்தியம்தான், இறுக்கமா உக்காந்தா. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல ஒரு மி.மீ. இடைவெளி இருந்தாலே, அது மூடுற வரைக்கும் பாரம் பழையபடி வெட்டு மூலைக்குத்தான் போகும். மாடல்லயும் அந்த இடைவெளியைக் கொடுத்து ஓட்டுங்க, ஒட்ட வச்சுட்டுத் "தப்பிச்சுது"ன்னு சொல்லாதிய. தேக்கு ஆப்பு ரெண்டு பக்கமும் எதிரெதிரா அடிக்கணும். ஐப்பசி மழையில சுவர் ஈரம் குடிச்சு ஊதுன மரத்துல அடிச்சா, ஆடிக் காத்துல காஞ்சதும் ஆப்பு தளரும். அப்ப ஒருக்கா சுத்தியலால தட்டிப் பாத்து மறுபடி இறுக்கணும்.