கல்லடி வீட்ட சிரமதானமா திருத்தலாமா?

கடக்கரையான்: நானும் மனிசியும் தென் சூடான் ஜூபாவில நிவாரண வேலை. மட்டக்களப்பு கல்லடியில அம்மாட வீடு பூட்டிக் கிடக்கு, அஸ்பெஸ்டஸ் கூரை ஒழுகி குசினிச் சுவர்ப் பூச்செல்லாம் பொருமிட்டு. ரெண்டு அறைய பின்னேர வகுப்புக்கு சும்மா குடுக்கிற யோசனை, அதால ஊர்ப் பொடியன்மார் பத்துப் பேர் சிரமதானமாச் செய்து தாறம், காசு வேணாம், சாப்பாட்ட மட்டும் பாருங்க எண்டு நிக்கானுகள். இஞ்சயிருந்து எப்பிடிப் பார்க்கிறது?

மேசன்ட மகன்: கூரையில மட்டும் கைவைக்க விடாதீங்க அண்ணன். அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சுக்குள்ள போனா கான்சர் வரைக்கும் கொண்டு போகும், தண்ணி அடிச்சு நனைச்சு உடைக்காம முழுசாக் கழட்டோணும், அதுக்கு கூலி குடுத்து பழகின ஆக்களப் போடுங்க. வயரிங்கும் அப்பிடித்தான். பொடியன்மாருக்கு சுவர் சுரண்டுறது, பெயின்ற், வளவு துப்பரவு காணும். மறுகா கடல் மண் கிட்டக் கிடக்கெண்டு அள்ளிப் பூசிருவானுகள், உப்பு ஊறித் திரும்பவும் பொருமும், ஆத்து மண்தான்.

வாவிக்கரை: நான் நேபாளத்தில நிக்கக்குள்ள எங்கட ஊர் வீட்டுக்கும் இதே கூத்துத்தான். முதல் சனிக்கிழமை பதினாலு பேர், மூணாவது கிழமை ரெண்டு பேரும் ஒரு நாயும். ஈரச் சுவருக்கு மேல பெயின்ற் அடிச்சு போட்டோ அனுப்பினானுகள், வாட்ஸ்அப்பில பளபளப்பா இருந்திச்சு, ஒரு மாசத்தில தோலுரிஞ்சிட்டு. சொந்தத்தில ஒராள் அங்க நிண்டு பார்க்கோணும். ஐப்பசி மழைக்கு முதல் கூரைய முடிங்க.

கடக்கரையான்: மச்சான் நிப்பார். அங்க எட்டு மணிக்கு வேலை தொடங்கினா இஞ்ச விடிய நாலரை, வீடியோ கோலுக்கு மனிசி எழும்புவாவாம், நான் ஏலா எண்டுட்டன்.