லப்பிங்குக்கு ‘மெருகூட்டல்’ வேண்டாம், ‘இழைப்பு’ எண்டு வைப்பம்

அண்ணை, நீங்கள் எங்கட சொற்பட்டியலில லப்பிங்குக்கு (துவக்குக் குழலின்ர உள்பக்கத்தைத் தேய்ச்சுச் சீராக்கிற வேலை) ‘குழல் மெருகூட்டல்’ எண்டு போட்டது எனக்குச் சரியாப் படேல்ல, கோவிக்காதேங்கோ, ஏனெண்டு சொல்லுறன். மெருகு எண்டா மினுக்கம். இஞ்ச மினுக்கம் ஆருக்கும் தேவையில்ல, வாய்ப்பக்கத்தால வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய ரைபிள் குழலுக்க துணி சுத்தின குண்டு ஓரிடமும் பிடிபடாம ஒரே இறுக்கத்தோட இறங்கோணும், அதுதான் வேலை. கண்ணாடி மாதிரி மினுங்கிற குழலுக்கயும் நடுவில ஒரு இறுக்கம் கிடக்கலாம்.

வேலை நடக்கிற விதத்தைப் பாத்தாத்தான் சொல் வரும். பின்மூடியைக் கழட்டி, சவுக்காரச் சுடுதண்ணியால கரிமருந்துக் கசடைக் கழுவி (ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னுற சாமான் அது), துடைச்சுப்போட்டு ஒரு பக்கத்தில வெளிச்சத்தை வைச்சு மற்றப்பக்கத்தால பாக்கிறது. ஆனா கண்ணை மட்டும் நம்பேலாது. எண்ணெய்த்துணியைக் கம்பியில இறுக்கமாச் சுத்தி மெல்லத் தள்ளேக்க கைக்குத்தான் தெரியும், இஞ்ச பிடிக்குது, அங்க விடுது எண்டு. இந்த ரெண்டுக்கும் ‘இறுக்கிடம்’, ‘இளக்கிடம்’ எண்டு வைக்கலாம்.

பிறகு கம்பி நுனியைக் குழலுக்க விட்டு அதைச் சுத்தி ஈயத்தை உருக்கி ஊத்துறது. ஈயம் குழலுக்க சுரிஞ்சு ஓடுற பள்ளங்களை, அதாவது தவாளிப்பையெல்லாம், அப்பிடியே அச்சு எடுத்திடும், அதில எண்ணெயும், வாட்டர் பம்ப் வால்வுக்குப் பூசுற பேஸ்ட் மாதிரி, இரும்பைத் தேய்க்கிற ஒரு மாவும் பூசி இழுத்து இழுத்துத் தள்ளுறது, ஈயக்கட்டியை முழுசா வெளியில எடுத்தா திரும்ப அதே தவாளிப்பில பொருத்திறது கஷ்டம் எண்டதால முழுக்க எடுக்கிறேல்ல. கைபிடி தானாச் சுழலோணும், ஏனெண்டா கட்டி தவாளிப்போட சேந்து திரும்பும். 1853 என்பீல்ட் எண்ட பழைய பிரிட்டிஷ் ரைபிளில குழல் 39 அங்குலம், தவாளிப்பு 3, 78 அங்குலத்துக்கு ஒரு சுத்து, அப்ப முழுக்குழலையும் கடந்தாலும் கட்டி திரும்புறது அரைச்சுத்துத்தான்.

இதில முக்கியமான விசயம், ஈயம் மெது, குழல் வலு. அந்த மாவின்ர துகள்கள் ஈயத்துக்க புதைஞ்சு நிண்டு வலுவான இரும்பைத் தேய்க்குது. அதால ‘அரைத்தல்’ சரிவராது, அது கல்லின்ர வேலை. தங்கச்சி சந்தனக்கல்லை நினைச்சு ‘உரைப்பு’ எண்டு சொன்னவ, நல்ல சொல்தான், ஆனா சந்தனத்தில தேயிறது மெதுவான கட்டை, இஞ்ச தேயோணுமெண்டு நினைக்கிறது வலுவான குழல். அதோட ‘குழலுரை’ எண்டு ஒருக்கா எழுதிப் பாருங்கோ, ஆரோ மேடையில பேசினமாதிரி இருக்கு.

என்ர சொல் ‘இழைப்பு’. அப்பா ஒட்டுசுட்டானில தச்சுவேலை செய்தவர், முதிரைக் கதவு இழைக்கேக்க ரெண்டு இழுவைக்கு ஒருக்கா உள்ளங்கையால தடவிப் பாப்பார், கண் பிறகுதான். மேடு எங்க நிக்குதெண்டு கை சொல்லும், அந்த மேட்டில மட்டும் இழைப்பார். குழல்காரனும் அதைத்தான் செய்யிறான், இறுக்கிடத்தில கூட, இளக்கிடத்தில குறைய. இழை எண்டா நூல் எல்லோ எண்டு கேப்பியள், ஆனா ‘இழைப்பு’ எண்டு சொன்னா ஆருக்கும் நூல் நினைவு வராது. இதிலயிருந்து ‘இழைப்புக்கட்டி’, ‘இழைப்புமா’ எல்லாம் வரும், மா பூசின குண்டைச் சுட்டே தேய்க்கிற முறைக்கு ‘சுட்டிழைப்பு’. துரு ஆழமாத் தின்ற குழல் இழைப்புக்கு அடங்காது, தவாளிப்பைத் திரும்ப வெட்டோணும், அதுக்கு ‘வெட்டிப் புதுக்கல்’ எண்டு தனிச்சொல்.

இன்னொண்டு. வாய்ப்பக்கத்தால மருந்து போடுற துவக்குக்கு ‘வாய்வழி நிரப்பி’ எண்டு ஏன் புதுசா ஒண்டு? வன்னியில சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல் இடியன். எங்கட இடியனில தவாளிப்பு இல்ல, அதால ரைபிளுக்குச் ‘சுரிகுழல் இடியன்’ எண்டா ரெண்டும் பிரிஞ்சு நிக்கும். ஆனா வீட்டுப் பைப்பில செய்த இடியனை ஆரும் இழைச்சுப் பாக்க வெளிக்கிடக் கூடாது எண்டும் ஒரு வரி போடுங்கோ, அது வெடிச்சா கை போகும், உரிமம் இல்லாம வைச்சிருந்தா 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டமும் இருக்கு.

தவாளிப்புகளுக்கு நடுவில நிக்கிற மேட்டுக்கு நான் ‘வரம்பு’ எண்டு எழுதியிருக்கிறன், வயல் தெரிஞ்ச ஆக்களுக்கு விளக்கம் தேவையில்ல. கிரவுனுக்குக் ‘கிரீடம்’ எண்டு போட்டதை மட்டும் எடுத்துவிடுங்கோ அண்ணை, அது குழல் முடியிற இடத்து விளிம்பு, ‘வாய்விளிம்பு’ எண்டே இருக்கட்டும்.