ரேகை விழாத ஆச்சி

பாவூர்க்காரன்:
முதியோர் பணம் 1200 ரூபாயை எங்கள் தெருவில் கோயில் திண்ணையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். வங்கியிலிருந்து ஒருவர் கைரேகைக் கருவியோடு வருவார். அன்று அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஆச்சி ஐம்பது வருடம் பீடி சுற்றியவர். ரேகை விழவில்லை. பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்து வைத்தார், விழவில்லை. முந்தானையில் துடைத்து அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பத்தும் முடிந்தது. “அடுத்த வாரம் பார்ப்போம் ஆச்சி” என்றார் அவர். ஆச்சி விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு வழி விட்டார். அம்மாவுக்கு முதல் தடவையிலேயே விழுந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, ஆச்சி வெறும் நீராகாரத்தைக் குடித்துச் சர்க்கரை மாத்திரை போட்டு, தலைசுற்றி வாசலில் விழுந்துவிட்டார். இடுப்பில் அடி.

நெல்லைவாசி:
மாத்திரைக்குக் காசில்லை என்று இனி யாரும் சொல்லாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என் மாமியார் அதில்தான் வாங்குகிறார்.

மில் தொழிலாளி மகன்:
நெல்லைவாசி, அவர் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். மாத்திரை இருந்தது, சோறுதான் இல்லை. என் அப்பாவுக்கு மில் பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். மேல்வரிசைப் பல் முழுவதும் போய்விட்டது, பல்செட் கட்டப் பணமில்லை. போன பொங்கலுக்குப் போனபோது, பின்கட்டில் அம்மிக்கல்லில் கடலை மிட்டாயை நசுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே துண்டைப் போட்டு மூடினார். எனக்கு அந்தத் துண்டுதான் மறக்கவில்லை.

ரேஷன் கடைக்காரர்:
எங்கள் கடையிலும் ரேகை விழாமல் அரிசி வாங்காமல் போனவர்கள் உண்டு, ஒரு தாத்தா அழுதேவிட்டார். சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆச்சியை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதியுங்கள். போவதற்கு முன் கையை வெந்நீரில் கழுவி ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள். பீடி சுற்றியவர், கொத்தனார், சுண்ணாம்புக் காளவாயில் நின்றவர், எல்லோருக்கும் இதே கதைதான். இன்னொன்று: சர்க்கரை மாத்திரை போடுகிறவர் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. முந்தானையில் ஒரு துண்டு வெல்லமாவது முடிந்து வைக்கட்டும். காசை மிச்சம் பிடிக்க மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்களும் உண்டு. சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்தவை, அவற்றை உடைக்கவே கூடாது. 70 வயது தாண்டியவர்களுக்கு 5 லட்சம் காப்பீடு 2024 முதல் இருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், மாதாந்திர மாத்திரைக்கு இல்லை.

நெல்லைவாசி:
அவசரமாகப் படித்துவிட்டேன்.

பாவூர்க்காரன்:
நேற்று ஆட்டோ வைத்து ஆச்சியைக் கூட்டிப் போனேன். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, பதியவில்லை. வலது கண் மூன்றாவது தடவையில் விழுந்தது. திரும்பும்போது ஆட்டோவுக்கு என்று பத்து ரூபாயை என் சட்டைப்பையில் திணித்தார். வேண்டாம் என்றால் இறங்க மாட்டேன் என்கிறார்.