குடைமிளகாய் ஜாம் போட்டா காய் கருகிடுதே?

கேள்வி: அரை கிலோ சிவப்பு குடைமிளகாய், 200 கிராம் சர்க்கரை, கால் கப் வினிகர் போட்டுக் காய்ச்சின ஜாம் இருக்கு. காலிஃப்ளவர், பீன்ஸ் வதக்கும்போது சேர்த்தா அடிப்பிடிச்சுக் கசக்குது. எப்போ போடணும்?

பதில் 1: கடைசியில்தான். சூடான வாணலியில் சர்க்கரை சீக்கிரம் தீய்ஞ்சிடும். புளிப்பு பட்டா காய் வேகவும் நேரமாகும். அதனால காயை முழுசா வேகவிட்டு, ஈரம் வத்தினதும் அடுப்பை அணைங்க. கால் கிலோ காய்க்கு ஒரு மேசைக்கரண்டி ஜாமை, ரெண்டு டீஸ்பூன் வெந்நீரில் கரைச்சு ஊத்திப் புரட்டுங்க.

பதில் 2: பீன்ஸுக்கு வேண்டாங்க, வினிகர் பட்டா பச்சை மங்கிடும். கத்தரிக்காய்தான் பிரமாதம்: எண்ணெய் தடவி ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிஷம், கடைசி 5 நிமிஷம் மட்டும் ஜாம் பூசுங்க.

பதில் 3: இந்த ஜாமுக்குச் சர்க்கரை கம்மி. ஃபிரிட்ஜில்தான் வைக்கணும்.