புதுப்பிப்பு: அஜைல் கோச்சுகளுக்கான குழுப் பயிற்சிகளில் எங்களுக்குப் பலன் தந்தது

எங்கள் அஜைல் கோச்சுகள் (வேலையைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்யும் அஜைல் முறையைக் குழுக்களுக்குப் பழக்கும் பயிற்சியாளர்கள்) 9 பேரும் மாதந்தோறும் கூடும்போது மூத்தவர் இருவரே பேசி முடித்துவிடுகிறார்கள், மற்றவர்களும் வளர எந்தப் பயிற்சி உதவும் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சக்கர வடிவ வரைபடத்தில் தம் திறன்களுக்குத் தாமே மதிப்பெண் இடும் பயிற்சி எங்களுக்கு எடுபடவில்லை. மூத்தவர்கள் பார்க்கிறார்கள் என்பதால் பலரும் நடுத்தர மதிப்பெண்ணையே எழுதினர். கைகொடுத்தது மூன்றாம் பதிலில் இருந்த ட்ரொய்கா கன்சல்டிங். மூவர் மூவராக அமர்ந்து, ஒருவர் தம் சிக்கலை 2 நிமிடத்தில் சொல்ல, மற்ற இருவரும் 2 நிமிடம் விளக்கம் கேட்கிறார்கள். பிறகு அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு குறிப்பு மட்டும் எடுக்க, அவ்விருவரும் 5 நிமிடம் தமக்குள் விவாதிக்கிறார்கள். கடைசி 2 நிமிடத்தில் தமக்குப் பயன்பட்டது எது என்பதை அவர் சொல்கிறார். மூவருக்கும் முறை வர 33 நிமிடம் ஆகிறது.

முதுகைத் திருப்புவது நாடகத்தனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் சிக்கலைச் சொன்னவரின் முகம் தெரியாததால்தான் இளையவர்கள் தயங்காமல் பேசினர். இணையவழிக் கூட்டத்தில் அவர் கேமராவையும் மைக்கையும் அணைத்துக்கொண்டாலே போதுமானதாக இருந்தது.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் வந்தது: விளக்கம் கேட்கும் நேரத்திலேயே “ஏன் இப்படிச் செய்யக்கூடாது?” என்று அறிவுரை நுழைந்துவிடுகிறது, அவ்வகைக் கேள்விகளுக்குத் தடை விதித்த பின்னரே அது நின்றது.