டிலேன்னு மெசேஜ் வந்தா வீட்ல இருந்து லேட்டா கிளம்பலாமா?

தாம்பரத்தான்:
நாளைக்கு காலைல 6.30க்கு சென்னை டு டெல்லி ஃப்ளைட், இப்பதான் 9.45க்கு போகும்னு எஸ்எம்எஸ் வந்துச்சு, டெல்லில பனிமூட்டமாம். கூட அப்பா வர்றாரு, 71 வயசு, முட்டி வலி, அந்த சேர்ல அஞ்சு மணி நேரம் உட்கார வைக்க மனசே வரல. வெப் செக்கின் ஆச்சு, ஆனா ஒரு பேக் போடணும். 8 மணிக்கு போனா போதுமா?

ரன்வே23:
பழைய டைமுக்கே போங்க ப்ரோ. ஆறு வருஷம் கிரவுண்ட் ஸ்டாஃபா இருந்தவன் சொல்றேன். காலைல முதல் ஃப்ளைட்டுக்கு விமானம் பெரும்பாலும் ராத்திரியே இங்க வந்து நின்னுடும், பனி கொஞ்சம் விலகி ஏடிசி (விமானப் போக்குவரத்து கட்டுப்பாடு) ஸ்லாட், அதாவது கிளம்பற நேரம், குடுத்துட்டா 9.45 வரைக்கும் யாரும் காத்திருக்க மாட்டாங்க, உடனே போர்டிங்தான். விமானமே வேற ஊர்ல இருந்து வரணும், அது அங்கயே இன்னும் கிளம்பலன்னா அந்த டிலேய நம்பலாம், விமானம் எங்க இருக்குன்னு காட்டற ஃப்ளைட்ரேடார் ஆப்ல பாத்தா தெரிஞ்சுடும். உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு கவுன்டர் பொதுவா 60 நிமிஷம் முன்னாடி, கேட் 25 நிமிஷம் முன்னாடி மூடிடுவாங்க. அப்பாவுக்கு வீல்சேர் இப்பவே கேட்டு வைங்க.

கோவைப்பொண்ணு:
அண்ணா சொல்றது நூத்துக்கு நூறு சரி. எனக்கு ஒரு தடவ ரெண்டு மணி நேரம் டிலேன்னு போர்ட்ல இருந்துச்சு, பாப்பா பசிக்குதுன்னு அழுதா, அவளுக்கு ஊட்டிட்டு வந்து பாத்தா கேட் மூடியாச்சு. கண்ணாடி வழியா விமானம் நிக்கறது தெரியுது, ஏத்த மாட்டேன்னுட்டாங்க. மாமனாரோட அறுபதாம் கல்யாணம், தாலி கட்டறதுக்கு நான் இல்ல, இன்னமும் மனசு ஆறல. நிறைய ஏர்போர்ட்ல இப்ப அனவுன்ஸ்மென்ட்டே கிடையாது, போர்டையும் போனையும் பாத்துட்டே இருக்கணும்.

முரளி_மதுரை:
இன்னொரு விஷயம். ரெண்டரை மணி நேரத்துல இருந்து அஞ்சு மணி நேரம் பறக்கற ஃப்ளைட் 3 மணி நேரம் லேட்டானா சாப்பாடு குடுக்கணும்னு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துக்கான அரசு அமைப்பு) ரூல் இருக்கு, டெல்லி அதுல வரும். ஆனா டைமுக்கு செக்கின் பண்ணியிருக்கணும். 6 மணி நேரத்துக்கு மேல இழுத்தா வேற ஃப்ளைட் கேளுங்க, இல்லன்னா முழு ரீஃபண்ட் கேளுங்க. பனிக்கு நஷ்ட ஈடு மட்டும் கிடைக்காது.

தாம்பரத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டாக்ஸி 4 மணிக்கே சொல்லிட்டேன், வீல்சேரும் போட்டாச்சு. அம்மா இட்லி கட்டி தர்றாங்க, சட்னி விடுவாங்களா?

ரன்வே23:
சட்னி வேணாம், செக்யூரிட்டில எடுக்க சொல்லலாம். பொடி தடவி எடுத்துட்டு போங்க.